பழைய பேக்கரியை வாங்கி அதே சுவையில் நடத்துவது எப்படி

பல ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு பேக்கரியை அதன் உரிமையாளரிடமிருந்து வாங்கி, அதே இடத்தில், அதே பெயரில், அதே சுவையில் தொடர்ந்து நடத்த விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாகக் கடை தொடங்குவதைவிட இது எளிது என்று பலர் கருதுகிறார்கள். ஆள் வரத்து இருக்கிறது, ஓவன் இருக்கிறது, வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பிறகென்ன என்பது அவர்களுடைய கணக்கு. ஆனால் மாவு அறுவடைக்கு அறுவடை மாறுகிறது; வெயிலும் மழையும் குளிரும் மாறுகின்றன; பிசையும் கையும் நாளுக்கு நாள் ஒன்றுபோல இருப்பதில்லை. இத்தனைக்கும் நடுவில் சென்ற ஆண்டு வாங்கிய பன்னும் இன்று வாங்கும் பன்னும் ஒன்றுபோல இருந்தால், பழைய உரிமையாளரோ அவருடைய மாஸ்டரோ ஒவ்வொரு நாளும் எதையோ சற்றுக் கூட்டியும் குறைத்தும் வந்திருக்கிறார் என்றுதான் பொருள். அந்தச் சரிக்கட்டல் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் இருக்காது. சாவியைக் கொடுத்துவிட்டு அவர் போகும்போது அதுவும் கூடவே போய்விடும். அதைப் போகவிடாமல் பிடித்துவைப்பதுதான் புதிய உரிமையாளரின் முதல் வேலை. மற்ற வேலைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

விலை பேசுவதற்கு முன்

விற்பவர் சொல்லும் விற்பனைத் தொகையை வரிக் கணக்குடனும் வங்கிக் கணக்குடனும் ஒப்பிட்டுப் பார்ப்பது எந்தத் தொழிலை வாங்குபவரும் செய்வது. பேக்கரிக்கே உரிய இன்னொரு சோதனையும் உண்டு. எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம். மாவு வாங்கிய ரசீதுகளைக் கேட்டு வாங்கி, எத்தனை மூட்டை உள்ளே வந்தது என்பதிலிருந்து எத்தனை ரொட்டி வெளியே போயிருக்க முடியும் என்று கணக்கிடுவதே அது. 25 கிலோ மாவுக்கு 15 கிலோ நீர், 1 கிலோ சர்க்கரை, 750 கிராம் கொழுப்பு, 500 கிராம் உப்பு, 250 கிராம் ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்தால் 42.5 கிலோ மாவுக் கலவை கிடைக்கும். அதை 450 கிராம் துண்டுகளாக வெட்டினால் 94 துண்டுகள் வரும். மேசையிலும் இயந்திரத்திலும் ஒட்டிக் கழிவது போக 92 என்று வைத்துக்கொள்ளலாம். வேகும்போது நீர் ஆவியாகி எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் குறையும் என்பதால், அவை ஏறத்தாழ 400 கிராம் ரொட்டிகளாக வெளியே வரும். அந்தக் கடையின் சொந்த அளவுகளை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மூட்டைக் கணக்கு 92 என்றும் விற்பனைக் கணக்கு 120 என்றும் சொன்னால், ஏதோ ஒரு ஏடு தவறு, அல்லது வேறு இடத்தில் வாங்கி விற்கும் சரக்கு அதில் கலந்திருக்கிறது. மாறாக விற்பனை மிகக் குறைவாகத் தெரிந்தால், அன்றாடம் மீந்து கழிவது அதிகம், அல்லது கல்லாப்பெட்டிக்கு வராத பணம் இருக்கிறது. எந்த விளக்கமாக இருந்தாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

கணக்கைப் பார்த்தபின், விற்பவரின் இசைவுடன், கடை திறப்பது முதல் அடைப்பது வரை சில நாட்களேனும் உள்ளே இருந்து பார்ப்பது அவசியம். சாதாரண நாளும் விடுமுறை நாளும் அதில் அடங்க வேண்டும். எந்த நேரத்தில் எது ஓவனிலிருந்து வெளியே வருகிறது, அதை எதிர்பார்த்து யார் வந்து நிற்கிறார்கள், எது எத்தனை மணிக்குத் தீர்ந்துபோகிறது, தீர்ந்தபின் கேட்டவர்களுக்கு என்ன பதில் சொல்லப்படுகிறது என்பவற்றை எழுதிக்கொள்ளலாம். நேரத்துக்கு ரொட்டி கிடைக்கும் என்ற உறுதி, சுவைக்கு அடுத்தபடியாக ஆட்களைக் கட்டிப்போடுவது. அதை எந்த வரவுசெலவு ஏடும் காட்டாது.

ஓவன், பிசையும் இயந்திரம், குளிர்பெட்டிகள், மின்கம்பிகள், எரிவாயு இணைப்பு ஆகியவற்றைத் தொழில் தெரிந்த ஒருவரைக்கொண்டு சோதிக்க வேண்டும். பழைய ஓவனுக்கு உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறதா என்பது அதன் வயதைவிட முக்கியமான கேள்வி. இடம் வாடகை என்றால், கட்டட உரிமையாளரை முன்கூட்டியே நேரில் சந்தித்துப் பேசியாக வேண்டும். வாங்குவதற்காகப் பெறும் கடன் அடைபடும் காலத்தைவிட வாடகை ஒப்பந்தத்தின் காலம் நீண்டதாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. இடம் பறிபோனால் பெயரும் செய்முறையும் இருந்தும் பயன் குறைவு. அக்கம்பக்கத்தாரின் கடை என்பது அந்த இடத்தோடு பிணைந்தது.

ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டியவை

கடையை நடத்தும் நிறுவனத்தை அப்படியே வாங்குவது ஒரு வழி. அதன் உடைமைகளையும் பெயரையும் மட்டும் வாங்குவது இன்னொரு வழி. முதல் வழியில் பழைய கடன்களும் வழக்குகளும் வரி நிலுவையும் சேர்ந்தே வரும். இரண்டாவது வழியில் அவற்றில் பெரும்பாலானவை விற்பவரிடமே தங்கிவிடும் என்றாலும், உணவுத் தொழில் உரிமம், வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு போன்றவற்றைப் புதியவர் பெயரில் மீண்டும் பெற வேண்டியிருக்கும். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், வழக்கறிஞர் ஒருவரும் கணக்காளர் ஒருவரும் இல்லாமல் கையெழுத்திடுவது வேண்டாம்.

இருவருமே சில சமயம் சொல்லாமல் விட்டுவிடும் சிறிய விஷயங்கள் உண்டு. அவற்றுக்குத்தான் ஒப்பந்தத்தில் தனித்தனி வரி வேண்டும் என்பேன். கடையின் தொலைபேசி எண்ணும் இணைய வரைபடப் பதிவும் சமூக ஊடகக் கணக்குகளும் யாருக்குச் சேரும்? ஏற்கெனவே முன்பணம் வாங்கிய கேக் ஆர்டர்களை யார் செய்துகொடுப்பது, அந்த முன்பணம் யார் கையில் இருக்கிறது? மாதக் கணக்கு வைத்து வாங்குபவர்களின் பாக்கி யாருக்கு வர வேண்டியது? பணியாளர்களுக்குச் சேர்ந்திருக்கும் விடுப்பு ஊதியமும் பணிக்கொடையும் யார் பொறுப்பு? கடையின் பெயர் விற்பவருடைய சொந்தப் பெயராகவோ குடும்பப் பெயராகவோ இருந்தால், அதை எவ்வளவு காலம், எந்தெந்தப் பொருள்களில் பயன்படுத்தலாம்? விற்பவர் அருகிலேயே இன்னொரு பேக்கரி திறக்கக் கூடாது என்ற நிபந்தனையைத் தூரத்துக்கும் காலத்துக்கும் நியாயமான எல்லை வைத்து எழுத வேண்டும். எல்லையில்லாத தடையை நீதிமன்றங்கள் ஏற்காமல் போகக்கூடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, விற்பவர் கைமாற்றத்துக்குப் பின்னும் சில மாதங்கள் கடைக்கு வந்து கற்றுக்கொடுப்பார் என்ற நிபந்தனை. அதற்கு ஊதியம் தனியாகப் பேசிவிட வேண்டும். விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, செய்முறைகள் எல்லாம் எழுத்தில் வந்து, புதியவரின் கையால் செய்து பார்த்துச் சரியாக வந்தபின் கொடுப்பது என்று எழுதிக்கொண்டால் இரு தரப்புக்கும் பாதுகாப்பு. இதைக் கேட்பது அவமதிப்பாகாது. தன் கடை தன் பெயரைக் கெடுக்காமல் நடக்க வேண்டும் என்று விரும்பும் விற்பவர் இதை மனமுவந்தே ஏற்பார். தயங்குபவராக இருந்தால் அந்தத் தயக்கத்தின் காரணத்தை அறிந்த பிறகு மேலே போவது நல்லது.

கைப்பக்குவத்தை ஏட்டில் ஏற்றுவது

பழைய பேக்கரிகளின் செய்முறை ஏட்டைத் திறந்தால், ஒரு மூட்டைக்கு இரண்டு கிண்ணம் உப்பு, நீர் பதத்துக்கு ஏற்ப, ஈஸ்ட் வழக்கம்போல என்ற வகையில்தான் பெரும்பாலும் எழுதியிருக்கும். எழுதியவருக்கு அது போதும். உங்களுக்குப் போதாது. ஒவ்வொரு பொருளையும் எடையாக மாற்ற வேண்டும். கிண்ண அளவு ஏன் உதவாது என்றால், அதே கிண்ணத்தில் மாவைத் தளர அள்ளினால் ஓர் எடையும் அமுக்கி அள்ளினால் வேறோர் எடையும் வரும். வழக்கமான அளவுக் கோப்பை ஒன்றில் அந்த வேறுபாடு 120 கிராமிலிருந்து 150 கிராம் வரை போகும்.

இதைச் செய்யும்போது மாஸ்டரை நிறுத்தி, அள்ளியதைத் தராசில் போடச் சொல்லக் கூடாது. தன் கையைப் பிறர் அளக்கிறார்கள் என்று தெரிந்தாலே அந்தக் கை மாறிவிடும். உப்பு டப்பாவையும் சர்க்கரைப் பாத்திரத்தையும் நீர் வாளியையும் அவர் தொடங்குவதற்கு முன் ஒருமுறை, முடித்தபின் ஒருமுறை எடைபோட்டால் போதும். குறைந்த எடைதான் அவர் போட்ட அளவு. ஒரே நாளில் எடுத்த எண்ணை நம்பாமல், வெவ்வேறு நாட்களில், முடிந்தால் வெவ்வேறு பருவங்களில் எடுக்க வேண்டும். அப்போது சராசரி மட்டும் கிடைப்பதில்லை. எது ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது, எது நாளுக்கு நாள் மாறுகிறது என்பதும் தெரியவரும். உப்பு மாறாமலும் நீரும் ஈஸ்ட்டும் மாறிக்கொண்டும் இருந்தால், அவர் தட்பவெப்பத்துக்கு ஏற்பச் சரிசெய்பவை அந்த இரண்டும்தான். ஏன் இன்று குறைத்தீர்கள் என்று அந்த நாளிலேயே கேட்க வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அவருக்கே நினைவிருக்காது.

எடைகள் கிடைத்தபின் அவற்றை மாவின் விழுக்காடாக எழுதுவது உலகெங்கும் பேக்கரித் தொழிலில் உள்ள முறை. மாவு எப்போதும் 100. மற்றவை அதற்கு இத்தனை என்று எழுதப்படும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் நீர் 60, சர்க்கரை 4, கொழுப்பு 3, உப்பு 2, ஈஸ்ட் 1. இப்படி எழுதிவிட்டால் 5 கிலோவுக்குச் செய்தாலும் 50 கிலோவுக்குச் செய்தாலும் விகிதம் குலையாது. தவறான எண்ணும் உடனே கண்ணில் படும். ரொட்டியில் உப்பு பெரும்பாலும் மாவில் 2 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் என்பதால், 4 என்று வந்தால் எடைபோட்டதில்தான் பிழை என்று தெரிந்துவிடும். ஈஸ்ட் எந்த வகை என்பதைக் குறிக்க மறக்கக் கூடாது. ஈரமான புது ஈஸ்ட் 100 கிராம் செய்யும் வேலையை உடனடி உலர் ஈஸ்ட் 33 முதல் 40 கிராமிலேயே செய்துவிடும். சர்க்கரை மாவில் 10 விழுக்காட்டைத் தாண்டும் இனிப்பு ரொட்டிகளில் ஈஸ்ட்டின் வேகம் நன்றாகவே குறையும். அவற்றுக்கென்று தனி ஈஸ்ட் வாங்கும் வழக்கம் கடையில் இருந்தால் அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

எடைக்கு அடுத்தது வெப்பம். பிசைந்து முடித்த மாவின் வெப்பம் ஓரிரு பாகை மாறினாலே அது பொங்கும் நேரம் மாறிவிடும். கூடவே மணமும் மாறும். பல ரொட்டிகளுக்கு 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இலக்காக வைப்பார்கள். உங்கள் கடையின் இலக்கு என்ன என்பதை, பழையவர் பிசைந்த மாவில் வெப்பமானியைச் செருகிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இதில் மாற்ற முடிவது நீரின் வெப்பம் ஒன்றுதான், அதற்கு எளிய கணக்கு இருக்கிறது. இலக்கை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து மாவின் வெப்பத்தையும் அறையின் வெப்பத்தையும் இயந்திரத்தின் உராய்வால் ஏறும் வெப்பத்தையும் கழித்தால், நீர் இருக்க வேண்டிய வெப்பம் வரும். இலக்கு 26 என்றால் மூன்று மடங்கு 78. மாவு 30, அறை 31, உராய்வு 10 என்று இருக்கும் வெயில் நாளில் நீர் 7 பாகையில் இருக்க வேண்டும். அதாவது பனிக்கட்டி போட்ட நீர். மாவு 18, அறை 19 என்று இருக்கும் குளிர் நாளில் அதே கணக்கு 31 பாகை வெதுவெதுப்பான நீரைக் கேட்கும். உராய்வு எண் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். அதைக் கண்டுபிடிக்க ஒருநாள் பிசைந்து முடித்த மாவின் வெப்பத்தை மூன்றால் பெருக்கி, மாவு, அறை, நீர் ஆகிய மூன்றின் வெப்பத்தையும் கழித்துப் பார்த்தால் போதும். தண்ணீரில் விரலைவிட்டுப் பார்த்தே இதையெல்லாம் சரியாகச் செய்துவந்த பழைய கைக்கு இந்தக் கணக்கு தேவைப்படாமல் இருக்கலாம். அந்த விரல் இனி கடையில் இருக்கப்போவதில்லை என்பதால் உங்களுக்குத் தேவை.

எண்ணில் அடங்காதவை மீதமிருக்கும். பிசைந்த மாவை இழுத்தால் எந்த அளவு மெல்லிய சவ்வாக விரியும்போது நிறுத்துகிறார், பொங்கியதை விரலால் அழுத்தினால் பள்ளம் எவ்வளவு மெல்ல மேலே வரும்போது ஓவனில் வைக்கிறார், மேல்நிறம் எந்தப் பழுப்பில் எடுக்கிறார் என்பவற்றைக் கைபேசியில் காணொளியாகவும் ஒரே வெளிச்சத்தில் எடுத்த படமாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். நிறப்படங்களை அச்சிட்டு ஓவன் அருகே ஒட்டிவைத்தால் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கும் உதவும். வெந்ததா என்பதை நடுவில் வெப்பமானி செருகியும் உறுதிசெய்யலாம். சாதாரண ரொட்டி 93 முதல் 99 பாகையிலும், வெண்ணெயும் முட்டையும் சேர்ந்த மென்ரொட்டி 88 முதல் 93 பாகையிலும் வெந்திருக்கும்.

கடையில் அன்றாடம் மாவும் நீரும் ஊட்டி வளர்க்கப்படும் புளித்த தாய்மாவு இருந்தால், வாங்கிய அன்றே அதற்கு நகல் எடுத்துவிடுங்கள். ஒரு பகுதியைக் காகிதத்தில் மெல்லியதாகத் தடவி உலர்த்தி உடைத்துக் காற்றுப்புகாத புட்டியில் வைக்கலாம். இன்னொரு பகுதியை வேறொரு கட்டடத்தில் உள்ள குளிர்பெட்டியில் வைக்கலாம். மின்வெட்டோ ஒருவரின் மறதியோ அந்தக் கடையின் மணத்தையே அழித்துவிட இடம் கொடுக்கக் கூடாது.

ஓவனும் தட்டுகளும்

புதிய உரிமையாளர்களுக்கு முதலில் கை போவது பழைய தட்டுகளின் மேல். கருத்துப்போன அவற்றைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பளபளப்பான புதியவற்றை வாங்குகிறார்கள். மறுநாளே பன்னின் அடி வெளுத்துவிடுகிறது. கருத்த உலோகம் ஓவனின் வெப்பக் கதிர்களை அதிகமாக உள்வாங்கும், பளபளப்பான உலோகம் அவற்றைத் திருப்பியனுப்பும் என்பதே காரணம். துருவோ உரிதலோ இல்லாத தட்டுகளைச் சுத்தமாக்கி அப்படியே வைத்துக்கொள்வதும், மாற்ற வேண்டியவற்றைச் சிறிது சிறிதாக மாற்றுவதும் நல்லது.

ஓவனின் முள் காட்டும் வெப்பமும் உள்ளே இருக்கும் வெப்பமும் பழைய கருவிகளில் ஒன்றாக இருப்பது அரிது. மாஸ்டர் 200 என்று திருப்பிவைக்கும்போது உள்ளே உண்மையில் எவ்வளவு என்பதைத் தனி வெப்பமானியால் அளந்து இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே எடையில் வெட்டிய பிஸ்கட் மாவைத் தட்டு முழுவதும் பரப்பி ஒருமுறை சுட்டுப் பார்த்தால், எந்த மூலை அதிகம் காய்கிறது என்பது நிறத்திலேயே தெரிந்துவிடும். பழைய கை அந்த மூலையை அறிந்து, பாதியில் தட்டைத் திருப்பிவைத்துக்கொண்டிருக்கும். கல்தளம் உள்ள பழைய ஓவனை எடுத்துவிட்டு விசிறியால் காற்றைச் சுழற்றும் ஓவனை வைத்தால், வெப்பத்தை 15 முதல் 20 பாகை வரை குறைக்க வேண்டியிருக்கும் என்பதோடு, அடிப்பகுதியின் மொறுமொறுப்பும் வேறுபடும். ஆபத்தான நிலையில் இல்லாதவரை, முதல் ஆண்டில் ஓவனை மாற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

கூட இருப்பவர்கள்

உரிமையாளர் போவதைவிட மாஸ்டர் போவது பெரிய இழப்பாகும் கடைகள் பல. ஆகையால் விற்பனை முடிவான செய்தியைப் பணியாளர்கள் வாடிக்கையாளர் வாயிலாக அறியும் நிலை வரக் கூடாது. பழையவரும் புதியவரும் சேர்ந்து உட்கார்ந்து, முதலில் எல்லோரிடமும், பின்னர் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச வேண்டும். ஊதியம், வேலைநேரம், விடுப்பு, இதுவரை சேர்ந்த பணிக்கால உரிமைகள் என்னவாகும் என்பதே அவர்கள் கேட்க விரும்பும் கேள்வி. பதிலை எழுத்தில் கொடுத்துவிடுவது நம்பிக்கையை வளர்க்கும். விடியலுக்கு முன் எழுந்து வெப்பத்தில் நின்று வேலை செய்பவர்களிடம் மரியாதை பேச்சில் மட்டும் இருந்தால் போதாது. முடிந்தால் முதல் மாதத்திலேயே, சிறிதானாலும் ஊதிய உயர்வோ, நல்ல காற்றோட்டமோ, உட்கார ஓர் இடமோ செய்துகொடுங்கள்.

முக்கியமான ஒவ்வொரு பொருளையும் குறைந்தது இரண்டு பேர் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது ஆளாக நீங்களே இருப்பது சிறப்பு. மாஸ்டரின் அறிவை எழுதி எடுத்துக்கொண்டு அவரை அனுப்பிவிடப்போகிறார்கள் என்ற அச்சம் அவருக்கு எழுவது இயல்பு. அந்த அச்சத்துக்கு இடமில்லை என்பதை, அவருக்கு நீண்டகால ஒப்பந்தம் கொடுத்தபின் எழுதத் தொடங்குவதன் மூலம் காட்டலாம். வரிசை இதுதான்; மாற்றிச் செய்தால் பாதிச் செய்முறையே ஏட்டுக்கு வரும்.

கைமாறிய செய்தியை எப்படிச் சொல்வது

மறைக்கக் கூடாது, முழக்கமிடவும் கூடாது. கல்லாப்பெட்டி அருகே சிறிய அறிவிப்பு போதும். பழைய உரிமையாளர் ஓய்வுபெறுகிறார், இன்னார் பொறுப்பேற்கிறார், செய்முறையும் பணியாளர்களும் நேரமும் மாறவில்லை என்ற மூன்று செய்திகளைப் பழையவரின் கையொப்பத்துடன் எழுதலாம். புதிய நிர்வாகம் என்று பெரிதாகப் பலகை வைப்பது, முன்பு ஏதோ குறை இருந்தது போன்ற பொருளைத் தந்துவிடும். அந்தக் கடையை நேசிப்பவர்களுக்கு அது உவப்பாக இருக்காது. முதல் சில வாரங்கள் பழையவர் காலையில் சிறிது நேரமாவது முன்னால் நின்று, வருபவர்களுக்கு உங்களை அறிமுகப்படுத்தினால், ஆண்டுக்கணக்கில் அவர் சேர்த்த நம்பிக்கையில் ஒரு பகுதி உங்களுக்கும் கிடைக்கும். யாருக்கு ரொட்டி சற்றுச் சிவந்திருக்க வேண்டும், யாருக்கு ஓரம் வெட்ட வேண்டும், எந்தப் பெரியவருக்கு எடுத்துவைத்துக் காத்திருக்க வேண்டும் என்பவற்றை அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் வாய்ப்பும் அப்போதுதான் கிடைக்கும்.

சுவை மாறிவிட்டது என்று சொல்லும்போது

எதையுமே மாற்றாவிட்டாலும் சிலர் இதைச் சொல்வார்கள். ஆள் மாறியதைக் கண்ட மனம் நாவிலும் மாற்றத்தைத் தேடும். அதே வேளையில், உண்மையாகவே ஏதோ மாறியிருப்பதை முதலில் உணர்பவர்களும் இவர்களே. ஆகவே ஒவ்வொரு குறையையும் நாள், பொருள், சொன்ன சொல் ஆகியவற்றுடன் எழுதிக்கொண்டு, அன்றைய மாவு மூட்டையின் தொகுதி எண்ணோடும் வெப்பக் குறிப்போடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பொருளைப் பற்றி, ஒருவரையொருவர் அறியாத இரண்டு மூன்று பேர் ஒரே வகையான குறை சொன்னால் அது கற்பனையன்று.

ஐயத்தைத் தீர்க்க உணவுத் துறையில் பயன்படும் முக்கோணச் சோதனை மிக உதவியானது. பழையவர் இன்னும் வந்துபோகும் காலத்திலேயே, அவர் செய்ததும் நீங்கள் செய்ததுமாக இரண்டு வகைகளை எடுத்து, மூன்று துண்டுகளில் இரண்டு ஒன்றாகவும் ஒன்று வேறாகவும் வைத்து, எது வேறு என்று மட்டும் கேட்க வேண்டும். எந்த வகை தனித்து நிற்கிறது என்பதையும், துண்டுகளின் வரிசையையும் ஆளுக்கு ஆள் மாற்றிவைக்க வேண்டும். வெறும் ஊகத்திலேயே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார் என்பதால், 12 பேரில் 4 பேர் கண்டுபிடித்தால் அதில் ஒன்றுமில்லை. 8 பேர் அல்லது அதற்கு மேல் கண்டுபிடித்தால் வேறுபாடு உண்மையானது என்று கொண்டு, காரணத்தைத் தேடத் தொடங்கலாம். தேட வேண்டிய முதல் இடம் மாவு. புரத அளவும் நீர் உறிஞ்சும் திறனும் மாறிய புதுச் சரக்கு, அதே பெயரும் அதே படமும் உள்ள மூட்டையிலேயே வரும். பழைய மூட்டை தீர்வதற்கு முன்பே புதியதில் சிறிதளவு பிசைந்து, இரண்டையும் ஒன்றாகச் சுட்டுப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால் வாடிக்கையாளர் சொல்வதற்கு முன்பே நீங்கள் அறிவீர்கள்.

ரொட்டி வறண்டுபோகிறது என்ற குறைக்குப் பல நேரங்களில் செய்முறை காரணமாக இருப்பதில்லை. மாவுச்சத்து மீண்டும் இறுகுவதால்தான் ரொட்டி பழசாகிறது, அது சாதாரணக் குளிர்பெட்டியின் வெப்பநிலையில்தான் மிக விரைவாக நடக்கும். கடையிலோ வீட்டிலோ அங்கே வைக்கப்படுகிறதா என்று கேளுங்கள். வெளியே மூடி வைப்பது அல்லது உறையவைப்பது என்ற இரண்டில் ஒன்றே சரி. ஈரப்பூஞ்சை விரைவில் வருகிறது என்றால், உட்புறம் ஆறுவதற்கு முன்பே வெட்டிப் பையில் போடுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

எதை, எப்போது மாற்றலாம்

சுத்தம், எலி பூச்சித் தடுப்பு, மின் பாதுகாப்பு, தீயணைப்பான் ஆகியவற்றில் குறை இருந்தால் முதல் நாளே மாற்ற வேண்டும். இங்கே பழைய வழக்கத்துக்கு மரியாதை தேவையில்லை. வாடிக்கையாளர் கண்ணில் படாத கணக்குமுறை, சரக்கு இருப்புக் குறிப்பு, ஆர்டர் ஏடு ஆகியவற்றையும் முதல் மாதங்களில் சீர்செய்யலாம். சுவையைத் தொடும் எதையும் ஓராண்டின் எல்லாப் பருவங்களையும் ஒருமுறை பார்த்தபின், ஒரு நேரத்தில் ஒன்றாக மட்டும் மாற்றலாம். வெண்ணெயில் ஏறத்தாழ 80 விழுக்காடுதான் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி நீர். முழுக்கொழுப்பான வனஸ்பதிக்குப் பதிலாக அதே எடை வெண்ணெயைப் போட்டால் கொழுப்பு குறைந்து நீர் கூடிவிடும். நல்ல நோக்கத்தோடு செய்த மாற்றம் பிஸ்கட்டின் வடிவத்தையே குலைப்பது இப்படித்தான். பால், முட்டை, கொட்டைகள், எள், சோயா போன்ற ஒவ்வாமை தரக்கூடிய எதையேனும் ஒரு பொருளில் புதிதாகச் சேர்த்தால், பழைய நம்பிக்கையில் கேட்காமல் வாங்கிப்போகும் ஒருவரின் உயிரே அதில் இருக்கலாம் என்பதால், எழுதி ஒட்டுவதோடு நிற்காமல் வாயாலும் சொல்ல வேண்டும்.

விலையை உயர்த்த வேண்டிய நாள் வரும். அப்போது எடையைச் சத்தமில்லாமல் குறைப்பது எளிய வழியாகத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். தினமும் அதே பன்னைக் கையில் வாங்கும் ஒருவருக்கு அதன் எடை உள்ளங்கையிலேயே தெரியும். எடையை அப்படியே வைத்து, சில வாரங்கள் முன்னதாக அறிவித்து விலையை உயர்த்துவதே நேர்மையானது, நீடித்து நிற்பதும் அதுவே.

குறைவாக விற்கும் பழைய பொருளை நிறுத்த நினைத்தால், எத்தனை விற்கிறது என்பதோடு யார் வாங்குகிறார்கள், அதனுடன் வேறு என்ன வாங்குகிறார்கள் என்பதையும் சில வாரங்கள் குறித்துப் பாருங்கள். நாளுக்கு ஐந்தே விற்கும் ஒரு பிஸ்கட்டுக்காக வரும் ஐந்து வீட்டாரும் தங்கள் ரொட்டியையும் கேக்கையும் இங்கேயே வாங்குபவர்களாக இருக்கலாம். அப்படியானால் அதை வாரத்தில் ஒரு நாள் மட்டும் செய்வதாக அறிவித்து, வேண்டுவோர் முன்கூட்டியே சொல்லிவைக்க ஏற்பாடு செய்யலாம். யாருமே சொல்லிவைக்காமல் சில மாதங்கள் கடந்தபின் நிறுத்தினாலும், அதன் செய்முறைத் தாளை ஏட்டிலிருந்து எடுத்துவிட வேண்டாம். கேட்டு ஒருவர் வந்தால் செய்துகொடுக்க முடியும்.